குழந்தையின் மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியுமா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். எட்டு வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக, பெட்டியின் மேல் ‘1200 மடங்கு’ என்று போட்டிருந்த பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கினீர்கள். குழாய்த் தண்ணீர், அவன் கையைத் துடைத்த பஞ்சு, தயிர் என்று மூன்றையும் வைத்துப் பார்த்தீர்கள். விளிம்பு கறுத்த வட்டங்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த வட்டங்கள்தான் கிருமிகளா, அல்லது கருவி பழுதா என்று கேட்கிறீர்கள். சாப்பிடும் முன் கை கழுவ அடம்பிடிப்பவனுக்குக் கிருமியைக் கண்ணாலேயே காட்டிவிட்டால் தொல்லை தீரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கருவியில் நுண்ணுயிர் தெரியுமா என்பது ஒன்று. கையில் இருக்கும் கிருமி தெரியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாகத் தெரியும். இரண்டாவதற்கு: தெரியாது.

அரசுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறை வகுப்புகளை 28 ஆண்டுகள் நடத்தியவன் நான். உங்கள் கருவியை நேரில் பார்க்கவில்லை. ஆனால் அதே வகைக் கருவிகள் பலவற்றைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் இருப்பவை காற்றுக் குமிழிகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடித்த கறுப்பு விளிம்பு, நடுவே ஒன்றுமில்லாத வெளிச்சம், பெரிதும் சிறிதுமாக முழு வட்டங்கள் – இவை மூன்றும் சேர்ந்தால் அது குமிழிதான். சொட்டின் மேல் மூடும் மெல்லிய வில்லையான கவர் ஸ்லிப்பை ஊசி முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நசுங்கும், இரண்டு ஒன்றாகச் சேரும். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களில் பாதிப்பேர் இந்தக் குமிழியைத்தான் அமீபா என்று வரைந்து நீட்டுவார்கள். அதனால் உங்களுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்வதுதான். இரண்டாவது படத்தில் உள்ள பச்சை நூல் பாசியாகவும் இருக்கலாம், துணியிலிருந்து விழுந்த இழையாகவும் இருக்கலாம். அந்த ஒரு படத்தை வைத்து முடிவு சொல்வது சரியாகாது.

பெட்டியில் போட்டிருக்கும் 1200ஐ முதலில் மறந்துவிடுங்கள். ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டுவது வேறு, அதன் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது வேறு. வாட்ஸாப்பில் வந்த மங்கலான படத்தை இரண்டு விரலால் விரித்தால் படம் பெரிதாகும். அதில் இல்லாத விவரம் புதிதாக வராது. லென்ஸும் அப்படித்தான். எத்தனை அகலக் கோணத்திலிருந்து ஒளியை வாங்க முடிகிறதோ அந்த அளவுக்குத்தான் அதனால் நுணுக்கத்தைப் பிரிக்க முடியும். கல்லூரி ஆய்வகத்தில் 1000 மடங்கில் பாக்டீரியா பார்க்கும்போது, லென்ஸுக்கும், மாதிரியை வைக்கும் தகடான ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். இடையில் காற்று இருந்தால் ஒளி சிதறிப் போய் அந்த நுணுக்கம் கிடைக்காது. எண்ணெய் இல்லாமல், சிறு பிளாஸ்டிக் லென்ஸை வைத்துக்கொண்டு 1200 மடங்கு என்பது விரித்துப் பெரிதாக்கிய மங்கல் படம்தான். உங்கள் கருவியில் 100 என்று ஒரு நிலை இருக்கும். அதிலேயே நில்லுங்கள். எல்லாம் பழகிய பிறகு அடுத்த நிலைக்குப் போகலாம். கடைசி நிலையைத் தொடவே வேண்டாம்.

100 மடங்கு எதற்குப் போதும் என்று கேட்கலாம். பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளம். 100 மடங்கில் அது, கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த இரண்டு சென்டிமீட்டர் பொருளைப் போலத் தெரியும். அதாவது ஒரு புளியங்கொட்டையைக் கையில் வைத்துப் பார்ப்பது போல. பாக்டீரியாவோ ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பாரமீசியத்துக்குப் பக்கத்தில் பாக்டீரியா, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கடுகு. அத்தோடு அது கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவது. சாயம் ஏற்றாவிட்டால் நல்ல கருவியிலேயே கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. வைரஸ் இன்னும் பத்தில் ஒரு பங்கு. அதை எந்தச் சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பிலும் பார்க்க முடியாது.

குழாய்த் தண்ணீரில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாததுதான். குளோரின் கலந்து வரும் நீர் அது. ஆர்ஓ நீரில் அதைவிடக் குறைவு. உயிர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கோயில் குளம், ஏரி, வாய்க்கால் எதுவானாலும் நடுநீரை மொண்டு வராதீர்கள். நடுநீர் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். கரையோரம் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரை ஒரு டப்பாவுக்குள் பிழியுங்கள். படித்துறைக் கல்லில் படிந்த வழுவழுப்பைச் சுரண்டிப் போடுங்கள். அடியில் கிடக்கும் அழுகிய இலை இரண்டையும் கொஞ்சம் சேற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளம் பக்கத்தில் இல்லையென்றால் பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீர் போதும். மூன்று நான்கு நாள் பூ வைத்திருந்த ஜாடியின் அடிநீரும் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மழைக்காலத்தில் மதில்சுவரில் வெல்வெட் போலப் படரும் பாசி கோடையில் காய்ந்து கருகிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, கொதித்து ஆறிய நீரில் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பிழிந்த நீரைப் பாருங்கள். காய்ந்து சருகாய்ச் சுருண்டிருந்த சக்கர விலங்குகள் – ரோட்டிஃபர் என்பார்கள் – நீர் ஊறி விரிந்து, அட்டை போல நெளிந்து நடக்கத் தொடங்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஜவுளி வியாபாரம் செய்தபடி தானே லென்ஸ் தேய்த்த ஆன்டனி வான் லீவன்ஹுக், கூரையின் மழைநீர் வடிகாலில் காய்ந்து கிடந்த மண்ணை நனைத்து இதே உயிர்த்தெழலை 1702இல் கண்டு எழுதினார். அவர் கையில் இருந்தது ஒற்றை லென்ஸ். இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிகச் சிறந்தது 270 மடங்கு அளவில்தான் பெரிதாக்கும்.

அவர் செய்த இன்னொரு சோதனை நம் அடுக்களையிலேயே செய்யக்கூடியது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, முழு மிளகை நீரில் சுமார் மூன்று வாரம் ஊறவைத்தார். 1676 ஏப்ரலில் அந்த நீரைப் பார்த்தபோது காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. நீர் முழுக்கச் சின்னஞ்சிறு உயிர்கள் அலைந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம்தான் நுண்ணுயிரியலின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். உங்கள் மகனும் பத்து மிளகை ஊறவைக்கலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை மூன்று வாரம் பொறுக்க மாட்டான். அவனுக்கு வைக்கோல் ஊறல் சரி. ஒரு கைப்பிடி வைக்கோலைத் துண்டாக்கிக் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, அதில் அரை டம்ளர் குளத்து நீரையும் அந்தச் சேற்றையும் கலந்து நிழலில் வையுங்கள். வைக்கோல் கிடைக்காவிட்டால் நாலைந்து சோற்றுப் பருக்கை போதும். இரண்டாம் நாள் நீர் கலங்கும். அது பாக்டீரியா பெருகியதன் அடையாளம். அதைத் தின்ன வரும் சிறிய உயிரிகள் மூன்றாம் நான்காம் நாளில் தோன்றும். அவற்றுக்குப் பிறகு, ஒரு வாரம் பத்து நாளில், பாரமீசியம் பெருகும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே நடக்கும். பாட்டிலை மூடி போட்டு இறுக்காதீர்கள், காற்று வேண்டும். ஆனால் திறந்தும் வைக்காதீர்கள். டெங்குக் கொசு முட்டையிட அதுவே போதும். பழைய வேட்டித் துணியை வாயில் கட்டிவிடுங்கள். நாற்றம் வரும், எனவே வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

பிறகு வெளிச்சம். பத்தில் எட்டு வீடுகளில் தோல்வி இங்கேதான் என்பது என் அனுபவம். இந்த உயிரிகள் கண்ணாடி போன்றவை. கீழே எரியும் எல்இடி பளீரென்று இருந்தால், நண்பகல் வானத்தில் நிலாவைத் தேடுகிற கதையாகிவிடும். விளக்கின் மேல் சின்னத் துண்டு பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். கறுப்பு அட்டையில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளையிட்டு, ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் செருகுங்கள். வெளிச்சம் குறைந்ததும் விளிம்புகள் எழுந்து வரும். இன்னொரு வித்தையும் உண்டு: துளைக்குப் பதிலாக, நடுவில் சிறு கறுப்பு வட்டம் ஒட்டிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை அதே இடத்தில் வையுங்கள். நேர் ஒளி தடைபட்டு, பக்கவாட்டில் வருவது மட்டும் உயிரிகள் மேல் படும். குறைந்த மடங்கில், இருட்டில் மின்மினி பறப்பது போல அவை ஒளிரும். வட்டத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி அமையாது. உங்கள் கருவியில் விளக்குக்குப் பதில் கண்ணாடி இருந்தால், அதை எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. கண் போய்விடும். ஜன்னல் வழியே தெரியும் வெறும் வானம் போதும்.

லென்ஸைக் கீழே இறக்கும்போது கண்ணை மேலே வைக்காமல், பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி ஸ்லைடைத் தொடாத அளவுக்கு இறக்குங்கள். அதன்பின் கண்ணை வைத்து, மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் படம் தெளியும். நாளிதழிலிருந்து ஓர் எழுத்தைக் கிழித்து வைத்து இதை முதலில் பழகட்டும். எழுத்து தலைகீழாகத் தெரியும். ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடும். இது கைக்குப் பழகாமல் ஓடும் உயிரியைத் துரத்தினால் அழுகைதான் மிஞ்சும். கவர் ஸ்லிப்பை அப்படியே போடாமல், ஒரு விளிம்பை நீரில் தொடவைத்துச் சாய்த்து மெல்ல இறக்கினால் குமிழி வராது. சொட்டுக்குள் பஞ்சு இழை நாலைந்து போட்டுவிடுங்கள். பாரமீசியம் அந்த இழைகளுக்குள் சிக்கி நின்று நின்று போகும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு, கண்ணருகு லென்ஸின் மேல் செல்போன் கேமராவை நேராகப் பிடித்துக் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்தால் என்ன தெரியும்? செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவில், தன் அச்சில் சுழன்றுகொண்டே நீந்தும் ஒன்று வரும். எதிலாவது முட்டினால் பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி போகும். அதுதான் பாரமீசியம். நீண்ட காம்பின் நுனியில் மணி போலத் தொங்கி, தொட்டால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு இழுத்துக்கொள்வது வோர்ட்டிசெல்லா. என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். இலையில் ஒட்டியிருப்பதால் ஓடி ஒளியாது, மேசையை மெல்லத் தட்டினால் அத்தனையும் ஒரே நேரத்தில் சுருங்கி, பிறகு ஒவ்வொன்றாக விரியும். சக்கர விலங்கின் தலையில் இரண்டு சக்கரம் சுற்றுவது போலத் தெரியும். உண்மையில் சுற்றுவது எதுவும் இல்லை, குறு இழைகள் அலை அலையாக அசைவது அப்படித் தோன்றுகிறது. உடலின் நடுவே அதன் தாடை அரைத்துக்கொண்டே இருப்பதும் தெரியும். பச்சைப் பாசி நூலுக்குள் நாடா போலச் சுருண்ட பசுங்கணிகம் இருந்தால் ஸ்பைரோகைரா. படகு வடிவில் பழுப்பாக, கண்ணாடிக் கோடு போட்டது போல இருந்தால் டயாட்டம்.

நெற்றி நடுவே ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு துள்ளித் துள்ளிப் பாய்வது சைக்ளாப்ஸ். பெண்ணாக இருந்தால் வாலின் இருபுறமும் முட்டைப் பை தொங்கும். வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் பிராணி இது. இதைப் பார்க்கும்போது பையனிடம் ஒரு கதை சொல்லுங்கள். நரம்புச் சிலந்தி என்று நம் பெரியவர்கள் அஞ்சிய நோயின் புழு, இந்தச் சைக்ளாப்ஸின் உடலில் ஏறித்தான் குடிநீர் வழியாக மனிதருக்குள் வந்தது. படிக்கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க மக்களைப் பழக்கியது அதை ஒழித்த வழிகளில் முக்கியமானது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல் நடந்த காரியம் அது.

அமீபாவை மட்டும் முதல் வாரத்தில் தேடாதீர்கள். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருந்தாலும், அடிச்சேற்றில் ஒளிந்து, நிறமில்லாமல், மிக மெதுவாக ஊர்ந்து போவது அது. எனக்கே ஒரு நாள் முழுக்கத் தேடிக் கிடைக்காமல் போனதுண்டு.

தயிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே உறுதியாகத் தெரிவது பால் புரதம் திரண்ட கட்டிகளும் கொழுப்புத் துளிகளும்தான். தயிரில் வாழும் பாக்டீரியாவான லாக்டோபாசில்லஸ் ஒரு மைக்ரானைவிட மெல்லிய குச்சி. கண்ணாடி லென்ஸ் உள்ள 400 மடங்குக் கருவியில், தயிரை நன்றாக நீர்க்கவிட்டு, ஒளியைக் குறைத்தால் நுண்ணிய கோடுகளாகத் தெரியக்கூடும். உங்கள் கருவியில் தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது. இட்லி மாவிலும் அப்படியே. கண்ணில் படுவது மாவுச்சத்து மணிகள், டிங்சர் அயோடின் ஒரு துளி விட்டால் நீலமாகிக் காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் நடுங்குவதைப் பார்த்து உயிர் என்று நினைக்கவும் கூடாது. நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் உயிரற்ற துகளும் இடைவிடாமல் நடுங்கும். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1827இல் விவரித்ததால் பிரவுனியன் இயக்கம் என்று பெயர். இருந்த இடத்தில் நடுங்கினால் துகள். திசை பிடித்துப் போனால், திரும்பினால், நின்று மறுபடி கிளம்பினால் உயிர் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுக்களையிலிருந்து ஏதாவது காட்டத்தான் வேண்டுமென்றால் ரொட்டி செய்யும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஐந்து முதல் பத்து மைக்ரான் முட்டைகள் போல இருக்கும்; உங்கள் கருவியின் நடு நிலையில், தாய்ச் செல்லில் குட்டி மொட்டு விடுவதைக் காண வாய்ப்பு உண்டு.

இனி கைக்கிருமி. குமிழியைக் காட்டி ‘இதுதான் கிருமி’ என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் ஆசை வரும். பத்தாம் வகுப்பில் அவன் குமிழியை அடையாளம் கண்டுகொள்வான், அன்று உங்கள் சொல்லையும் சேர்த்துச் சந்தேகிப்பான். அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து, சுத்தமான கத்தியால் மூன்று வில்லையாக வெட்டுங்கள். ஒன்றைத் தொடாமல், ஒன்றைக் கழுவாத விரலால் தொட்டு, ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் தொட்டு, தனித்தனி ஜிப் கவரில் மூடிப் பெயர் எழுதுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் எழும். ஒவ்வொரு புள்ளியும் லட்சக்கணக்கான பாக்டீரியாக்களின் ஊர். மைக்ராஸ்கோப்பே தேவையில்லை. ஆனால் இந்தச் சோதனை எப்போதும் நாம் நினைத்தபடி வரும் என்று உறுதி தர மாட்டேன். தொடாத வில்லையிலும் காற்றிலிருந்து விழுந்து வளரலாம். சரியாகக் கழுவாத கை, ஒட்டியிருந்ததைத் தளர்த்திவிடுவதால், கழுவாத கையைவிட அதிகமாகக் காட்டுவதும் உண்டு. அப்படி வந்தால் இருபது விநாடி தேய்த்துக் கழுவி மறுபடி செய்து பாருங்கள். கவரை ஒருபோதும் திறக்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள்; வளர்ந்தது எது என்று வீட்டில் இருந்துகொண்டு நாம் அறிய முடியாது.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. குளத்து நீரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; கீறல், புண் இருந்தால் கையுறை. பச்சை பெயின்ட் கொட்டியது போல மேலே ஆடை படர்ந்த குளத்தில் இறங்கவோ அளையவோ விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அவற்றில் சில நஞ்சு சுரப்பவை. கேரளத்தில் 2024இலும் 2025இலும் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றுச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். நெக்லீரியா என்ற அந்த அமீபா மூக்கு வழியாக ஏறுவது. கரையில் நின்று டப்பாவில் எடுப்பதில் அந்த ஆபத்து மிகக் குறைவு. நீரில் முங்குவதோ மூக்கில் நீர் ஏறுவதோ கூடாது. பையனுக்கு இழைப்பு இருந்தால் பூஞ்சை பிடித்த ரொட்டியைக் கருவியில் வைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உடல்நலம் குறித்து இதற்கு மேல் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால், வேறொரு பொம்மைக் கருவி வாங்காதீர்கள். ஹரியானாவின் அம்பாலாவில் செய்து வரும் மாணவர் மைக்ராஸ்கோப், 10 மடங்கும் 40 மடங்கும் உள்ள இரண்டு கண்ணாடி லென்ஸோடு (10 மடங்குக் கண்ணருகு லென்ஸோடு சேர்ந்து 100, 400 மடங்கு), பழையதாகக் கிடைத்தாலும் போதும். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பார்த்ததை அவனையே வரையச் சொல்லுங்கள். அடுத்த முறை படம் அனுப்பும்போது எங்கே எடுத்த நீர், எத்தனை நாள் ஊறியது, எந்த நிலையில் பார்த்தது, நகர்ந்ததா, எப்படி நகர்ந்தது என்பதையும் அவன் வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இயன்றவரை பெயர் சொல்கிறேன்.